தனியா கேட்டா தேன், சேர்த்துக் கேட்டா சேறு – வாசகர் கேள்வி பதில்

வீட்டுலயே பாட்டு ரெக்கார்ட் பண்றவங்க எழுதுற கடிதம் இப்பல்லாம் நிறைய வருது, அதுலயும் இந்த தடவை கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்த சுத்தித்தான் கேட்டிருக்கீங்க. ஒரு ட்ராக்க, அதாவது ஒரு குரலோ வாத்தியமோ தனியா பதிஞ்சத, எப்படி தனியா பிரிச்சுக் கேக்கறது, பிரிச்சத மத்ததோட எப்படி ஒட்ட வைக்கிறது. அதனால இந்த இதழ்ல பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன்.

நான் பாட்டு டீச்சர். பசங்க ப்ராக்டிஸ் பண்ணட்டும்னு ஒரு கீர்த்தனைய வீட்டுலயே ரெக்கார்ட் பண்ணேன். என் குரல், வயலின், மிருதங்கம், ஸ்ருதி பெட்டி நாலும் தனித்தனி ட்ராக். ஒவ்வொண்ணையும் சோலோ போட்டு கேட்டுக் கேட்டு ஈக்யூ வெச்சு அழகா பண்ணிட்டேன். ஆனா நாலையும் சேர்த்து ப்ளே பண்ணா வார்த்தையே புரியல. குரல ஏத்தினா மிருதங்கம் காணோம், அத ஏத்தினா குரல் காணோம், கடைசில மீட்டர் சிவப்புக்கு போயிடுது. என் ஸ்ருதி 5 கட்டை. எங்க தப்பு?
– வாசகி, மயிலாடுதுறை

டீச்சர், உங்க காதுல ஒரு குறையும் இல்ல. எல்லா முடிவையும் சோலோ பட்டன, அதாவது மத்தத மூடி ஒரு ட்ராக்க மட்டும் கேக்க வைக்கிற பட்டன, அமுத்தி வெச்சுக்கிட்டே எடுத்துட்டீங்க, சிக்கல் அங்க தான் ஆரம்பிச்சிருக்கு. தனியா கேக்கும்போது வயலின் நல்லா கனமா நிறைவா இருந்தா தான் நமக்கு பிடிக்கும், குரலும் அப்படித்தான், மிருதங்கமும் அப்படித்தான், ஸ்ருதியும் அப்படித்தான், அதனால ஈக்யூல, அதாவது அடி சத்தம் மேல் சத்தத்த தனித்தனியா கூட்டிக் குறைக்கற கருவில, ஒவ்வொண்ணுக்கும் கீழ கொஞ்சம் கனம் ஏத்தி மேல கொஞ்சம் பளபளப்பு சேர்த்துடுவோம். நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு மூட்டையோட வந்து ஒரே ஆட்டோல ஏறின மாதிரி ஆயிடும்.

அதுலயும் கச்சேரி சங்கீதத்துல இந்த நெரிசல் சினிமா பாட்ட விட ஜாஸ்தி, ஏன்னா எல்லாரும் ஒரே ஸ்ருதில நிக்கிறாங்க. 5 கட்டைன்னா உங்க மத்யம ஸ்தாயி ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், பெட்டில வர்ற தம்புராவோட கீழ் ஸட்ஜம் 98, பஞ்சமம் 147, வயலின் கம்பியும் அதே ஸட்ஜம் பஞ்சமத்துக்கு தான் கூட்டியிருப்பாங்க, மிருதங்கக்காரரும் வலந்தலைய, அதாவது வலது பக்கத் தோல, ஸட்ஜத்துக்கு சேர்த்துத் தான் உக்காந்திருப்பாரு. அப்ப 100ல இருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கற அந்த சின்ன திண்ணைல நாலு பேரும் உக்காந்திருக்காங்க. ஒரே இடத்துல ரெண்டு சத்தம் வந்தா பெருசு சின்னத மூடிடும், மாஸ்கிங்னு சொல்றது அதத்தான். ஸ்ருதி சேர்ந்து இருக்கறதால வர்ற அந்த அழகு தான் மிக்ஸ்ல நமக்கு வேலையையும் குடுக்குது, அத புரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும்.

இப்ப செய்ய வேண்டியது. ப்ராஜெக்ட ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு, போட்ட ஈக்யூ எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, சத்தத்த ஏத்தி இறக்கற நாலு ஃபேடரையும் அடியோட இறக்கிடுங்க. முதல்ல குரல் மட்டும், நீங்க மேல் ஸ்தாயில உச்சமா பாடுற இடத்துல மீட்டர் மைனஸ் 10 டெசிபல் கிட்ட வர்ற மாதிரி வைங்க. அதுக்கப்புறம் குரல தொடவே தொடாதீங்க, அது தான் வீட்டுக்கு நடு தூண். அடுத்து மிருதங்கத்த கீழ இருந்து மெதுவா ஏத்துங்க, தாளம் கால்ல தட்ட ஆரம்பிக்கிற இடம் வரும், அங்க நிறுத்துங்க. அடுத்து வயலின். இது ஒரே லெவல்ல நிக்காது, நீங்க பாடும்போது நிழல் மாதிரி கூட வர்ற இடத்துல குரலுக்கு 3, 4 டெசிபல் கீழ இருக்கணும், நீங்க நிறுத்தி அவங்க தனியா வாசிக்கிற இடத்துல குரல் இருந்த உயரத்துக்கு வரணும், ஆகவே அத ஆட்டோமேஷன்ல, அதாவது லெவல் தானா ஏறி இறங்கற மாதிரி, வரைஞ்சுடுங்க, ஆடாசிட்டிங்கற இலவச சாஃப்ட்வேர்ல பண்றீங்கன்னா என்வலப் டூல் இருக்கு, நீலக் கோட்ட இழுத்தா போதும். கடைசியா தான் ஸ்ருதி. காதுல தெரியுற வரைக்கும் ஏத்தி, தெரிஞ்சதும் ஒரு சிட்டிகை இறக்கிடுங்க. சரியா இருக்கான்னு பாக்க ஸ்ருதிய மியூட் பண்ணுங்க, மியூட் பண்ண உடனே கீழ தரை இல்லாத மாதிரி தோணுச்சுன்னா அளவு சரி, ஒரு நிம்மதி வந்துதுன்னா ஜாஸ்தி.

இதுக்கப்புறமும் கலங்கல் இருந்தா தான் ஈக்யூ, அதுவும் கூட்டறதுக்கு இல்ல, குறைக்கறதுக்கு. நீங்க மந்த்ர பஞ்சமம் வரைக்கும் இறங்கினாலும் அது 147 ஹெர்ட்ஸ் தான், அதுக்கு ரொம்ப கீழ உங்க குரல் ட்ராக்ல இருக்கறது ஃபேன் சத்தமும் தெருவுல போற பஸ்ஸும் தான், 100க்கு கீழ ஹைபாஸ் போட்டு வெட்டிடுங்க. வயலினுக்கும் அதே மாதிரி கீழ இருந்து வெட்டிக்கிட்டே வாங்க, கீழ் கம்பி மெலிய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நிறுத்திக்கோங்க. மிருதங்கத்த மட்டும் வெட்டாதீங்க, இடது பக்கம் ரவை ஒட்டின தொப்பியோட அந்த கும்கி எல்லாம் அங்க தான் குடியிருக்கு. தொப்பிக்கு இடம் வேணும்னா ஸ்ருதி ட்ராக்ல 100 பக்கத்துல ஒரு 3 டெசிபல் எடுத்துடுங்க, யாருக்கும் வித்தியாசம் தெரியாது, மிருதங்கம் மட்டும் பெருசான மாதிரி இருக்கும். வார்த்தை புரியலைன்னு சொன்னீங்க இல்லையா, க, ச, ட, த, ப மாதிரி வல்லின எழுத்தோட தெளிவெல்லாம் 2000ல இருந்து 5000 ஹெர்ட்ஸ்க்குள்ள இருக்கு, வயலின் வில்லோட உரசலும் அதே இடம், அங்க வயலின்ல ரெண்டு மூணு டெசிபல் குறைச்சீங்கன்னா குரல தொடாமலே சாகித்யம் முன்னாடி வந்துடும்.

மீட்டர் சிவப்பாகறதும் இதோட சேர்ந்தது தான். ஒரே அளவுல இருக்கற ரெண்டு வேற வேற ட்ராக்க கூட்டினா மொத்தம் சுமார் 3 டெசிபல் ஏறும், நாலு சேர்ந்தா 6 ஏறும், ஒவ்வொண்ணும் தனியா பாக்க பத்திரமா இருந்தாலும் கூட்டுத்தொகை 0வ தாண்டி க்ளிப் ஆகும், அதாவது சத்தம் உடைஞ்சு கரகரக்கும். குரல ஏத்தணும்னு கை போற ஒவ்வொரு தடவையும் மத்த மூணையும் 1 டெசிபல் இறக்கிப் பாருங்க. அதே பலன் தான் கிடைக்கும், மீட்டர்லயும் இடம் மிச்சம் இருக்கும்.

சோலோவே வேணாமான்னா, வேணும். எங்க உஸ்ஸுன்னு சத்தம் வருது, எந்த இடத்துல மூச்சு பெருசா கேக்குது, எந்த வெட்டுல டிக்னு வருது, இதெல்லாம் தேடறதுக்கு சோலோ மாதிரி ஒரு கருவி இல்ல. தேடி முடிச்சதும் உடனே சோலோவ எடுத்துட்டு, திருத்தறத எல்லாம் நாலும் ஓடும்போதே பண்ணுங்க. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு வயலின் ட்ராக்க ராத்திரி முழுக்க சோலோல வெச்சு செதுக்கினேன், காலைல மத்ததோட சேர்த்துக் கேட்டப்ப பண்ண எதுவுமே பாட்டுக்கு உதவல, ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து பாதி எடுத்த பிறகு தான் பாட்டு வெளிய வந்துது. அன்னிக்கு வந்த பழக்கம், இன்னிக்கும் சோலோ போட்டா ஒரு கை அந்த பட்டன் மேலயே இருக்கும்.

குரல் ட்ராக்க சோலோ பண்ணா ரிவெர்ப் காணாம போயிடுது, வறட்டுக் குரல் மட்டும் கேக்குது. சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சா?
– வாசகர், கோயம்புத்தூர்

கெட்டுப்போகல. ரிவெர்ப, அதாவது ஹால்ல பாடற மாதிரி வர்ற அந்த எதிரொலிய, தனி ட்ராக்ல வெச்சு குரல்ல இருந்து அதுக்கு அனுப்பியிருக்கீங்க, குரல சோலோ பண்ணா சாஃப்ட்வேர் சொன்னபடி மத்த எல்லாத்தையும் மூடுது, ரிவெர்ப் ட்ராக்கும் அதுல சேர்ந்து போகுது. சில சாஃப்ட்வேர் இத தானா பாத்துக்கும், சிலதுல நாம தான் அந்த ரிவெர்ப் ட்ராக்குக்கு விலக்கு குடுக்கணும். க்யூபேஸ்ல ஆல்ட் அமுத்திக்கிட்டு அதோட சோலோ பட்டன தட்டுங்க, ப்ரோ டூல்ஸ்ல விண்டோஸ்னா கண்ட்ரோல், மேக்னா கமாண்ட் அமுத்திக்கிட்டு தட்டுங்க. ஒரு தடவை பண்ணா போதும்.

எங்க அப்பா ஹார்மோனியம் வாசிச்சுக்கிட்டே பாடின ஒரு கேசட் இருக்கு, 1980கள்ல வீட்டு டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சது. அப்பா இப்ப இல்ல. ஹார்மோனியம் சத்தத்துல குரல் மங்கிப் போயிருக்கு. குரல மட்டும் தனியா பிரிக்க முடியுமா? பாட்டுல இருந்து குரல எடுக்கற வித்தை எல்லாம் ட்ரை பண்ணேன், ஒண்ணும் வரல.
– வாசகர், திண்டுக்கல்

உங்க கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். கொஞ்சம் விரிவாவே சொல்றேன், அவசரப்படாம பண்ணுங்க, இது ஒரே ஒரு கேசட்.

நீங்க ட்ரை பண்ண வித்தை அனேகமா இடது சேனல தலைகீழாக்கி வலதோட கூட்டறது. ஸ்டீரியோ பாட்டுல குரல் நட்ட நடுவுல இருக்கும், அதாவது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒண்ண தலைகீழாக்கிக் கூட்டினா ரெண்டும் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும், கரோக்கி பண்றவங்க ரொம்ப காலமா பண்ணது இது தான். இதுல குரலோட சேர்ந்து நடுவுல இருக்கற பேஸ், ட்ரம்ஸும் போயிடும், குரலோட ரிவெர்ப் மட்டும் பேய் மாதிரி நிக்கும், அது ஒரு பக்கம். உங்க கேசட் ஒரே மைக்ல பதிஞ்ச மோனோ, அதுல நடுவு பக்கம்னு எதுவுமே கிடையாது, கூட்டினா எல்லாமே அழிஞ்சு மௌனம் தான் மிஞ்சும். அதனால உங்க கைல தப்பில்ல.

இப்ப இருக்கற வழி வேற. 2019ல ப்ரான்ஸ்ல இருக்கற டீசர்ங்கற ஆன்லைன் பாட்டு கம்பெனி, பாட்ட பிரிக்கற ஸ்ப்ளீட்டர்னு ஒரு மாடல எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டாங்க, ஃபேஸ்புக் ஆராய்ச்சிக்காரங்க டெமக்ஸ்னு ஒண்ணு குடுத்தாங்க, இந்த மாதிரி மாடல்கள எல்லாம் மவுஸ்லயே ஓட்டற மாதிரி அல்டிமேட் வோக்கல் ரிமூவர்னு ஒரு இலவச சாஃப்ட்வேரும் இருக்கு. தனித்தனி ட்ராக்கா இருக்கற நிறைய பாட்டுகள காட்டி, இது குரல், இது ட்ரம்ஸ், இது பேஸ், மீதி எல்லாம் இதுன்னு கம்ப்யூட்டர பழக்கியிருக்காங்க, அதனால மோனோவா இருந்தாலும் குரலோட குணத்த அடையாளம் கண்டு பிரிக்குது. பீட்டில்ஸ்ங்கற இங்கிலாந்து பாட்டுக் குழுவோட கதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கலாம், அதுல இருந்த ஜான் லெனன் 1970களோட கடைசில வீட்டுல பியானோ வாசிச்சு கேசட்ல பாடி வெச்சத மத்த மூணு பேரும் 1995ல எடுத்துப் பாத்து, பியானோவுல இருந்து குரல பிரிக்க முடியலன்னு பாதில விட்டாங்க, அதே கேசட்ல இருந்து குரல இப்படி கம்ப்யூட்டர வெச்சு பிரிச்சு 2023ல பாட்டா வெளியிட்டாங்க. உங்க அப்பா கேசட்டும் கிட்டத்தட்ட அதே நிலைமை தான்.

ஆனா சாஃப்ட்வேருக்கு போறதுக்கு முன்னாடி கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலைல தான் பாதி வெற்றி இருக்கு. ப்ளேயரோட ஹெட்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு குச்சியால துடைச்சு காய விடுங்க. கேசட்ட ஏத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட விட்டு திரும்ப சுத்துங்க, வருஷக்கணக்கா சும்மா இருந்த டேப் ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்புறம் ஹெட் பக்கத்துல ஒரு சின்ன திருகு இருக்கும், அது ஹெட்டோட சாய்வ மாத்தும், உங்க அப்பா பதிஞ்ச மெஷினோட சாய்வும் இந்த ப்ளேயரோட சாய்வும் ஒத்துப்போகலைன்னா மேல் சத்தம் எல்லாம் செத்துப்போய் கம்பளிக்குள்ள பாடுற மாதிரி இருக்கும். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் தான் ஓடுது, அந்த வேகத்துல நுணுக்கமான சத்தமெல்லாம் டேப்ல ரொம்ப நெருக்கமா பதிஞ்சிருக்கும், துளி சாய்வு மாறினாலே போயிடும். ஓட விட்டுக்கிட்டே சின்ன ஸ்க்ரூடிரைவரால முடி அளவு திருப்பி, எங்க ரொம்ப தெளிவா கேக்குதோ அங்க நிறுத்துங்க. பழக்கம் இல்லைன்னா பழைய டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பண்ற ஆள் யாராவது உங்க பக்கம் இருப்பாரு, கூட்டிக்கோங்க. மங்கிப் போச்சுன்னு நீங்க எழுதினதுல ஒரு பங்கு இதுலயே தெளிஞ்சாலும் ஆச்சரியம் இல்ல.

24 பிட் வேவ் ஃபைலா ஏத்துங்க, எம்பி3 வேணாம். அந்த முதல் ஃபைல தொடாம ரெண்டு இடத்துல காப்பி வைங்க. நாய்ஸ் ரிடக்‌ஷன் எதுவும் இப்ப போடாதீங்க, டேப்போட உஸ் சத்தத்தோட சேர்ந்து குரலோட மூச்சும் போயிடும்.

இதுக்கப்புறம் மாடல்ல ஓட்டினீங்கன்னா குரல் ஒண்ணு, மீதி ஒண்ணுன்னு ரெண்டு ட்ராக் கிடைக்கும். குரல சோலோ போட்டுக் கேட்டா உங்களுக்கு ஒரு ஏமாற்றம் வரலாம், இப்பவே சொல்லிடறேன். ஹார்மோனியம் அப்பா பாடுற அதே ஸ்வரத்த அதே நேரத்துல வாசிக்கும், ரெண்டோட அலைகளும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கும், அத சுத்தமா பிரிக்கறது எந்த மாடலுக்கும் கஷ்டம். இதுங்கள பழக்கின பாட்டு பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் தான், ஹார்மோனியம் அதுக்கு அவ்வளவா பழக்கமில்லாத விருந்தாளி. அதனால தனிக்குரல்ல அங்கங்க தண்ணிக்குள்ள பாடுற மாதிரி நெளியும். இங்க தான் நீங்க ஹார்மோனியத்த முழுசா தூக்கணும்னு பிடிவாதம் பிடிக்காம இருக்கணும். ரெண்டு ட்ராக்கையும் பக்கத்துல வெச்சு ஹார்மோனியத்த 5, 6 டெசிபல் மட்டும் இறக்குங்க, குரல ஒண்ணோ ரெண்டோ ஏத்துங்க. மிச்சம் இருக்கற ஹார்மோனியம் அந்த நெளிவுகள எல்லாம் மூடிடும், குரல் முன்னாடி வந்து நிக்கும், அப்பா தன் கையால வாசிச்சதும் கூடவே இருக்கும். அவர் பாடினதும் வாசிச்சதும் ஒரே மூச்சுல நடந்தது இல்லையா, அத பிரிக்காம விடறது தான் அந்த கேசட்டுக்கு மரியாதைன்னு எனக்கு படுது.

வீட்டிலை மிருதங்கமும் பாட்டும் பதிவு செய்து மிக்ஸ் பண்ணினனான். ஹெட்போனிலை கேக்கேக்க நல்லா இருக்கு. போனிலை போட்டா மிருதங்கத்தின்ரை தொப்பிச் சத்தமே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

போன்ல இருக்கற ஸ்பீக்கர் விரல் நகம் அளவு தான், அதால அடி சத்தத்த தள்ளவே முடியாது, நீங்க தொப்பிய எவ்வளவு ஏத்தினாலும் போன்ல வராது, ஹெட்போன்ல தான் வெடிக்கும். ஆனா நம்ம காதுக்கு ஒரு குணம் இருக்கு, ஒரு சத்தத்தோட அடி ஸ்வரம் இல்லாட்டியும் அதுக்கு மேல இருக்கற மடங்குகள் கேட்டா அடிய தானா நிரப்பிக்கும். அதனால தொப்பி ட்ராக்ல ஒரு சாச்சுரேஷன் ப்ளக்இன் துளி போடுங்க, மேல் மடங்குகள் கொஞ்சம் உருவாகும், போன்ல தொப்பி எட்டிப் பாக்கும். ஒரே மைக்ல பதிஞ்சிருந்தா மிருதங்கத்த ட்யூப்ளிகேட் பண்ணி, ஒண்ணுல அடி சத்தத்த மட்டும் வெச்சு, அதுல அந்த சாச்சுரேஷன போட்டு மெதுவா கலந்துக்கோங்க.

இன்னொரு காரணமும் இருக்கலாம், நீங்க ஹெட்போன்ல சத்தமா வெச்சு மிக்ஸ் பண்ணியிருப்பீங்க. 1933லயே பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சரும் மன்சனும் இத அளந்து காட்டிட்டாங்க, சத்தம் குறையக் குறைய காதுக்கு அடி சத்தம் தான் சீக்கிரமா மறையும். சத்தமா வெச்சு பாத்த பேலன்ஸ் சின்னதா வெச்சா நிக்காது. பக்கத்துல ஒருத்தர் பேசினா அந்தப் பேச்சு பாட்ட மீறிக் கேக்கற அளவுக்கு சத்தத்த குறைச்சு, மோனோவுல போட்டு, அப்ப குரலும் வலந்தலையும் சாகித்யமும் தெரியுதான்னு பாத்து பேலன்ஸ் பண்ணுங்க. அப்படி நின்னது எங்க போட்டாலும் நிக்கும்.

எங்க சர்ச் கொயர நாலு மைக் வெச்சு ரெக்கார்ட் பண்ணோம். ஒவ்வொரு மைக்கையும் தனியா கேட்டா நல்லாருக்கு, நாலையும் சேர்த்தா பிள்ளைங்க குழாய்க்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கு. கிறிஸ்மஸ்க்குள்ள சரி பண்ணணும்.
– வாசகி, நாகர்கோவில்

இது ஃபேடரால தீர்ற விஷயம் இல்ல, தூரத்தால வர்றது. ஒரு பிள்ளை பாடுறது பக்கத்து மைக்ல முதல்லயும் தள்ளி இருக்கற மைக்ல கொஞ்சம் லேட்டாவும் விழும், சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், ஒரு மீட்டர் வித்தியாசம்னா 3 மில்லிசெகண்ட் தாமதம். அந்த ரெண்டையும் கூட்டும்போது 170 ஹெர்ட்ஸ் பக்கம் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும், அப்புறம் 515 பக்கம், அப்புறம் 860 பக்கம், இப்படி சீப்பு பல்லு மாதிரி இடைவெளி விட்டு ஓட்டை விழும், அது தான் அந்த குழாய் சத்தம்.

இப்ப கைல இருக்கற ரெக்கார்டிங்குக்கு, நாலையும் மியூட் பண்ணி நடுவுல இருக்கற ரெண்ட மட்டும் திறந்து கேளுங்க, பெரும்பாலும் ரெண்டே போதும். மூணாவத திறக்கும்போது குரல் மெலிஞ்சா, அந்த ட்ராக்க இன்வர்ட் பண்ணி, அதாவது அலைய தலைகீழாக்கிப் பாருங்க, கனம் கூடினா அப்படியே விடுங்க, இல்லைன்னா பெரிசாக்கிப் பாத்து அலைகள வரிசைக்கு நகர்த்துங்க. அதுக்கும் சரி வரலைன்னா அந்த மைக்க விட்டுடுங்க. நாலு வெச்சோம்னு நாலையும் போட்டே ஆகணும்னு இல்ல. அடுத்த தடவை ஒரு கணக்கு வெச்சுக்கோங்க, பாடுறவங்கள்ல இருந்து மைக் ஒரு அடில இருந்தா மைக்குக்கும் மைக்குக்கும் மூணு அடியாவது இருக்கணும், ரெண்டு அடின்னா ஆறு.

காலேஜ்ல படிக்கிறேன். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? கூடவே இன்னொண்ணு, மைனஸ் ட்ராக்க (குரல் இல்லாத பின்னணி இசைய) கேட்டுக்கிட்டே பாடினா என் குரல் எப்பவும் லேட்டா விழுது.
– வாசகர், சேலம்

இப்பவே வாங்க வேணாம். ஆடாசிட்டி 2000ல இருந்து இலவசமா கிடைக்குது, 2022ல வந்த 3.2ல இருந்து பாட்டு ஓடும்போதே எஃபெக்ட மாத்திக் கேக்கலாம், அதுக்கு முன்னாடி அது ஒரு பெரிய குறையா இருந்துது. நிறைய ட்ராக், ஆட்டோமேஷன்னு போக ஆரம்பிச்சா ரீப்பர் பாருங்க, பாட்டு கேக்கற வின்ஆம்ப் சாஃப்ட்வேர எழுதின ஜஸ்டின் ஃப்ராங்கெல் ஆரம்பிச்சது தான் அதுவும், 60 நாள் முழுசா ட்ரை பண்ணலாம், அப்புறம் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். காச முதல்ல ஒரு நல்ல ஒயர் ஹெட்போனுக்கு போடுங்க.

ஒயர்னு சொன்னேன் பாருங்க, உங்க ரெண்டாவது கேள்விக்கும் அது தான் பதிலா இருக்கும்னு நினைக்கிறேன். ப்ளூடூத் ஹெட்போன்ல சத்தம் 100, 200 மில்லிசெகண்ட் தாமதமா வரும், நீங்க அதுக்கு சேர்ந்து பாடுவீங்க, ட்ராக் அதுக்குள்ள முன்னாடி போயிருக்கும். ஒயருக்கு மாறிட்டு, பஃபர, அதாவது கம்ப்யூட்டர் சத்தத்த கொஞ்சம் சேர்த்து வெச்சு அனுப்புற அளவ, 128 இல்ல 256 சாம்பிள்ல வைங்க, 256ன்னா 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 6 மில்லிசெகண்டுக்கும் கம்மி. மிக்ஸ் பண்ணும்போது 1024க்கு ஏத்திக்கோங்க, கம்ப்யூட்டர் திணறாது.

எனக்கு 74 வயசு. அந்தக் காலத்துல ஒரே ஹால்ல எல்லாரும் சேர்ந்து வாசிச்சு, பாடி, ஒரே டேக்ல முடிச்சாங்க. பேலன்ஸ் அவ்வளவு அழகா இருக்கும். இந்த ட்ராக், சோலோ எல்லாம் இல்லாம அவங்களால எப்படி முடிஞ்சது? என் பேரனும் அவன் நண்பர்களும் புல்லாங்குழல், மிருதங்கம், பாட்டுன்னு வீட்டுல உக்காந்து வாசிக்கிறாங்க, ஒரே ஒரு மைக் தான் இருக்கு.
– வாசகர், காரைக்குடி

ஐயா, அவங்க பேலன்ஸ மெஷின்ல பண்ணல, தரைல பண்ணாங்க. 1902ல கல்கத்தாவுல பாடகி கௌஹர் ஜான் ரெக்கார்டுக்கு பாடினப்ப மைக்கே கிடையாது, ஒரு பெரிய கொம்புக்கு முன்னாடி நின்னு அதுக்குள்ள பாடணும், அந்த காத்தோட அசைவே மெழுகு தட்டுல கீறும். அப்ப சத்தமான வாத்தியத்த பின்னாடி தள்ளி வெப்பாங்க, மெலிசானத கொம்புக்கு பக்கத்துல கொண்டு வருவாங்க, பாடறவங்க உச்சத்துக்கு போகும்போது ஒரு எட்டு பின்னாடி வெப்பாங்க. 1925 வாக்குல மின்சார மைக் ரெக்கார்டிங் வந்த பிறகும் இந்த முறை போகல, நம்ம சினிமா ரெக்கார்டிங் தியேட்டர்லயும் யார் மைக்குக்கு எவ்வளவு தூரம்ங்கறது தான் பாதி மிக்ஸிங். ஒருத்தர் தப்பா வாசிச்சா எல்லாரும் முதல்ல இருந்து, அதனால பதிவுக்கு முன்னாடி ரிகர்சல் நடந்துக்கிட்டே இருக்கும், அந்த ரிகர்சல்ல வாத்தியக்காரங்களே ஒருத்தர ஒருத்தர் கேட்டு சத்தத்த அடக்கிக்குவாங்க. 1957ல அமெரிக்காவுல கிட்டார் கலைஞர் லெஸ் பால் வீட்டுக்கு ஆம்பெக்ஸ் கம்பெனி 8 ட்ராக் மெஷின் செஞ்சு குடுத்தது, தனித்தனியா பதிஞ்சு பின்னாடி சேர்க்கற வழக்கம் அங்க இருந்து தான் மெல்ல மெல்ல எல்லா இடத்துக்கும் பரவுச்சு. அதனால நிறைய வசதி வந்துது, சந்தேகமே இல்ல, ஆனா வாசிக்கும்போதே அடுத்தவங்கள கேட்டு அடங்கற அந்த பழக்கம் கொஞ்சம் குறைஞ்சுது, நீங்க இப்ப தேடறது அதத்தான்.

உங்க பேரனுக்கு ஒரு மைக் இருக்கறது குறையே இல்ல. மெத்தை, பாய், துணி எல்லாம் இருக்கற ரூமா பாருங்க, மொட்டை சுவரு வேணாம். மைக்க நடுவுல நெஞ்சு உயரத்துல வைங்க, பாடற பிள்ளைய ஒன்றரை அடில உக்கார வைங்க, புல்லாங்குழல மூணு அடில, மிருதங்கத்த ஆறு அடில. அரை நிமிஷம் பதிஞ்சு எல்லாரும் சேர்ந்து கேளுங்க. மிருதங்கம் ஜாஸ்தியா இருந்தா மெதுவா வாசிக்க சொல்லாதீங்க, வாசிப்போட உயிர் போயிடும், அவர பாயோட ஒரு அடி பின்னாடி நகர்த்துங்க. குழல் காதுல குத்தினா குழல மைக்குக்கு நேரா ஊதாம கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி உக்காரட்டும். திரும்ப அரை நிமிஷம் பதிஞ்சு கேளுங்க. பத்து தடவை நகர்த்த வேண்டி வரலாம், ஒரு மணி நேரம் ஆகும், சரியான இடம் கிடைச்சதும் ஒவ்வொருத்தர் பாய் ஓரத்துலயும் தரைல ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வெச்சுடுங்க, அடுத்த வாரம் அப்படியே உக்காந்து ஆரம்பிச்சுடலாம்.